ஃபோகல் செக்மென்டல் குளோமெருலோஸ்கிளீரோசிஸ்: சொல் விளக்கம்

சிறுநீரகத் திசு ஆய்வு அறிக்கையில் அடிக்கடி வரும் பெயர் இது. எஃப்எஸ்ஜிஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

நடுவிலிருந்து தொடங்குவோம். குளோமஸ் என்றால் இலத்தீனில் நூலுருண்டை. குளோமெருலஸ் என்பது சின்ன உருண்டை. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நூற்கண்டு போலச் சுருண்டு கிடப்பதால் வந்த பெயர். ஒரு சிறுநீரகத்தில் இவை ஏறத்தாழ 10 லட்சம் இருக்கும். இரத்தம் முதலில் வடிகட்டப்படுவது இங்கேதான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கிளாமருலஸ் என்று அப்படியே எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் கலன்கோளம். கலன் குழாயையும் கோளம் உருண்டையையும் குறிப்பதால், என் ஓட்டு இதற்குத்தான்.

ஸ்கிளீரோசிஸ் கிரேக்கச் சொல், இறுகிப்போதல் என்று பொருள். வடிகட்ட வேண்டிய இடம் தழும்பாகி இறுகிவிடுகிறது. தழும்பேற்றம் எனலாம்.

சிக்கல் ஃபோகலில்தான். இலத்தீனில் ஃபோகஸ் என்றால் அடுப்பு! பிற்பாடு ஒளியியலுக்குப் போய், நம் இயற்பியல் பாடத்தில் குவியம் ஆனது. அதைப் பிடித்துக்கொண்டு இங்கேயும் ‘குவிய’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இங்கே எதுவும் ஒரே இடத்தில் குவியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோளங்கள் மட்டும் கெட்டிருக்கின்றன. நோய்க்குறியியலில் பாதிக்கும் குறைவான கோளங்களில் மாற்றம் இருந்தால் ஃபோகல், அதற்கு மேல் போனால் டிஃப்யூஸ். செக்மென்டல் என்பது வேறு கணக்கு: கெட்ட கோளத்திலும் ஒரு பகுதிதான் தழும்பாகியிருக்கிறது, மீதி நன்றாகவே இருக்கிறது. ஆக, ‘சிதறிய பகுதிக் கலன்கோளத் தழும்பேற்றம்’. நீளம்தான், ஆனால் மூலப்பெயர் மட்டும் சின்னதா என்ன?

இந்தச் ‘சிதறிய’வை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி ஊசியால் எடுக்கும் திசு மெல்லிய இழை அளவுதான். பத்துக்கு ஒரு கோளம் கெட்டிருக்கிறது, இழையில் 10 கோளங்கள் கிடைத்தன என்று வையுங்கள். கெட்டது ஒன்றுகூடச் சிக்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. போதாததற்கு, தழும்பு முதலில் தோன்றுவது சிறுநீரகத்தின் வெளியடுக்கான புறணியின் ஆழத்தில், உள்ளடுக்கான அகணியை ஒட்டிய கோளங்களில் என்று அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஆர்னால்ட் ரிச் 1957லேயே எழுதியிருக்கிறார். ஊசி மேலோட்டமாக எடுத்திருந்தால், சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் சரியாகத் தெரியும் ‘மினிமல் சேஞ்ச்’ நோய் என்றே அறிக்கை வந்துவிடலாம்.

அப்புறம் இன்னொன்று. பெயர் நோய் போலத் தொனித்தாலும், இது நுண்ணோக்கியில் தெரியும் ஒரு கோலம், அவ்வளவே. மரபணுக் கோளாறு, உடற்பருமன், எச்ஐவி, சில மருந்துகள் என்று எந்த வழியாகவும் அந்தக் கோலத்துக்கு வந்து சேரலாம். இன்ன காரணம் என்று பிடிபடாத வகையும் உண்டு. அந்த வகைக்குத்தான் வழக்கமாக ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். உடற்பருமனால் வந்ததென்றால் எடையைக் குறைப்பதும் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும்தான் முதல் வேலை.