கிராஃப் அழகா இருக்கு, டேட்டா எங்க சார்?

காட்பாடி, பாகாயம், சேர்க்காடுன்னு நம்ம வேலூர சுத்தி தீசிஸ் எழுதிக்கினு இருக்கறவங்களுக்கு பஞ்சமே இல்ல. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேலை பாக்குறதால பாதிப்பேரு நம்மகிட்ட வருவாங்க, அதுவும் பேப்பர் அனுப்ப வேண்டிய கடைசி நேரத்துல, "சார், கிராஃப மட்டும் கொஞ்சம் அழகா பண்ணிக் குடுங்க"ன்னு. நான் கேக்குற மொத கேள்வி, இந்தப் படத்த பாத்து ரிவ்யூவர் (ஜர்னலுக்காக பேப்பர படிச்சு மதிப்பு சொல்றவரு) என்ன ஒரே ஒரு விஷயம் புரிஞ்சிக்கணும்? அத ஒரு வரியில சொல்ல முடியலன்னா கலர் மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம், நெஜ டேட்டா இல்ல, நானா போட்ட நம்பர். ராணிப்பேட்டை பக்கம் தோல் ஃபேக்டரிங்களால கிணத்துத் தண்ணில குரோமியம் எறங்குற பிரச்சினை நமக்கு புதுசு இல்ல. ஆறு கிணத்துல தண்ணி எடுக்குறீங்க, அஞ்சுல லிட்டருக்கு 0.02 மில்லிகிராம், ஒண்ணுல மட்டும் 1.1. சராசரி 0.2. குடிதண்ணிக்கு இந்திய தர அளவு 0.05, அதனால ஒரே ஒரு பார் போட்டு "லிமிட்ட விட நாலு மடங்கு"ன்னு எழுதிடுவாங்க. ஆனா 0.2 இருக்கற கிணறு அந்த ஊர்லயே கெடயாதுங்க! அஞ்சு கிணறு லிமிட்டுக்குள்ள இருக்கு, ஒண்ணு 22 மடங்கு. எந்த கிணத்த மூடணும்னு கேக்கறவனுக்கு அந்த பார் பதிலே சொல்லாது, ஆறு புள்ளி வச்சு 0.05-ல ஒரு கோடு இழுத்தா ஒரே பார்வையில சொல்லிடும்.

இதுக்கு மேல எர்ரர் பார்னு ஒண்ணு இருக்கே, சராசரிக்கு மேலயும் கீழயும் நீட்டி வரையற கோடு. மேல சொன்ன டேட்டாவுக்கு எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 0.44 வரும், பார் மேல வரைஞ்சா கீழ்ப்பக்கம் ஜீரோவுக்கு கீழ போயிடும், மைனஸ் குரோமியம்! உடனே எஸ்இஎம்-க்கு (ஸ்டாண்டர்ட் எர்ரர் ஆஃப் தி மீன்) மாத்திடுவாங்க, அதாவது எஸ்டிய சாம்பிள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்தது, 0.18 ஆயிடும், பாக்க நீட்டா இருக்கும். ஆனா ரெண்டும் ரெண்டு வேற கேள்விக்கு பதில். டேட்டா எவ்ளோ செதறி இருக்குன்னு சொல்றது எஸ்டி, சராசரிய எவ்ளோ நம்பலாம்னு சொல்றது எஸ்இஎம். எது போட்டாலும் சரி, இன்னாது அதுன்னு படத்தோட விளக்கக் குறிப்புல (லெஜண்டு) எழுதுங்க, எத்தன சாம்பிள்னும் எழுதுங்க. சாம்பிள் கம்மியா இருந்தா பார் வேணவே வேணாம், புள்ளியா போடுங்கன்னுதான் நான் எப்பவும் சொல்றது. இந்த மாதிரி 0.02-லேந்து 1.1 வரைக்கும் பரந்து கெடக்கற டேட்டாவுக்கு லாக் ஸ்கேல் (0.01, 0.1, 1-னு பத்து பத்து மடங்கா ஏறுற அளவு) வச்சா சின்ன நம்பரும் தெளிவா தெரியும், லாக்ல ஜீரோவே கெடயாதுங்கறதால அங்க பார் போடறதுக்கு அர்த்தமும் இல்ல. சாதா ஸ்கேல்ல பார் போட்டா ஜீரோலேந்துதான் ஆரம்பிக்கணும். த்ரீடி பை சார்ட் பத்தி பேசவே மாட்டேன்.

சைஸ் விஷயத்துல முக்கால்வாசி பேரு கோட்ட விடுறாங்க. லேப்டாப் முழுக்க விரிச்சு படம் போடுவாங்க, ஆனா நேச்சர் மாதிரி ஜர்னல்ல ஒரு காலம் அகலம் வெறும் 89 மில்லிமீட்டர், அதுல சுருக்கினா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும். மொதல்லயே 89-னு வச்சு வரைஞ்சிட்டா இந்த தலைவலி இல்ல. கிராஃப பிடிஎஃப் இல்லன்னா எஸ்விஜியா (பெருசாக்கினாலும் மங்காத ஃபைல்) எடுங்க, ஸ்க்ரீன்ஷாட் வேணாம், ஜேபெக் வேணாம், தயவுசெஞ்சு படத்த வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது அமுக்கி கெடுத்துடும்.

கலர்ல செவப்பு பச்சை சேத்து போடாதீங்க, ரெண்டையும் பிரிச்சு பாக்க முடியாத ஆம்பளைங்க நெறய பேரு, உங்க ரிவ்யூவரும் அதுல ஒருத்தரா இருக்கலாம். ஆர்-ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல 4.0-லேந்து ஒகாபே-இட்டோ பேலட் (அவங்களுக்கும் பிரிஞ்சு தெரியற கலர் செட்) உள்ளயே இருக்கு, பைத்தான்ல கிராஃப் வரையற மேட்பிளாட்லிப்ல 2017-ல வந்த 2.0-லேந்து விரிடிஸ்ங்கற அதே மாதிரி கலர் வரிசைதான் டீஃபால்ட், அப்புறமும் சில பேரு தேடிப் போய் பழைய ஜெட் வானவில்ல எடுத்துக்கினு வராங்க, ஏன்னே தெரியல.

மைக்ரோஸ்கோப் படம்னா 400 மடங்குன்னு மட்டும் எழுதினா போதாது, படத்த பெருசாக்கினாலோ சுருக்கினாலோ அந்த நம்பர் பொய்யாயிடும், ஸ்கேல் பார் (இந்த நீளம் இத்தன மைக்ரான்னு காட்டுற கோடு) வைங்க. பிரைட்னெஸ் மாத்துனா முழு படத்துக்கும் ஒரே மாதிரி மாத்துங்க, டிஎன்ஏ, புரோட்டீன் பிரிச்சு பாக்கற ஜெல் படத்துல லேன (ஒரு சாம்பிள் ஓடுன வரிசைய) வெட்டி ஒட்டியிருந்தா ஒட்டின எடத்துல கோடு போட்டு சொல்லிடுங்க. 2016-ல மைக்ரோபயாலஜிஸ்ட் எலிசபெத் பிக்கும் கூட வேலை செஞ்சவங்களும் 20,621 பேப்பர பாத்து 3.8 சதவீதத்துல பிரச்சினையான படம் இருக்குன்னு எழுதினாங்க. எல்லாம் திருட்டுத்தனம்னு இல்ல, அவசரத்துல ஒரே படத்த ரெண்டு எடத்துல போட்டுடறதும் அதுல சேரும்.

ஆஸ்பத்திரில இருக்கற பிஜி டாக்டருங்களுக்கு தனியா ஒண்ணு. எக்ஸ்ரே, ஸ்கேன் மூலையில பேஷண்ட் பேரும் ஆஸ்பத்திரி நம்பரும் இருக்கும், பவர்பாயிண்ட்ல க்ராப் பண்ணிட்டோம்னு நிம்மதியா ஃபைல அனுப்பிடுவாங்க. அது மறைக்கத்தான் செய்யும், அழிக்காது, ஃபைல் வாங்கினவரு க்ராப்ப இழுத்து விட்டா பேரு திரும்ப வந்துடும். "டெலீட் க்ராப்டு ஏரியாஸ்" குடுத்து சேவ் பண்ணுங்க, இல்ல மொதல்லயே வேற சாஃப்ட்வேர்ல வெட்டின படத்த உள்ள கொண்டு வாங்க.