ரிசார்ட்: விடுதிக்கு எதற்கு மேயர்?

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் படித்தேன். கதாநாயகி ரயிலை விட்டு ஒரு ‘கடற்கரை விடுதி’யில் இறங்குகிறாள். இறங்கியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்க இடம் தேடி விடுதி விடுதியாக ஏறி இறங்குகிறாள். அடுத்த பக்கத்தில் அந்தக் கடற்கரை விடுதிக்கு ஒரு தேவாலயம் வருகிறது, தபால் நிலையம் வருகிறது, கடைசியில் ஒரு மேயரும் வந்துவிடுகிறார். விடுதிக்கு எதற்கு மேயர் என்று மொழிபெயர்த்தவருக்கும் தோன்றவில்லை, மெய்ப்புப் பார்த்தவருக்கும் தோன்றவில்லை. மூலத்தில் ‘சீசைட் ரிசார்ட்’ என்று இருந்திருக்கும். இதே தவறை இதற்கு முன்னும் நாலைந்து புத்தகங்களில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மேயரைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். பழைய பிரெஞ்சில் ‘சொர்த்தீர்’ என்றால் வெளியே போதல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் மறுபடி போதல், திரும்பத் திரும்ப நாடுதல். ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஆபத்துக்கு நாடும் ஆள் அல்லது வழி என்ற பொருளோடு வந்தது. கடைசி வழி என்று பொருள்படும் ‘லாஸ்ட் ரிசார்ட்’ என்ற தொடரில் இன்றும் அந்தப் பொருள்தான். அப்புறம், பலரும் போய்க் கூடும் இடம் என்று விரிந்தது. 18ஆம் நூற்றாண்டில், உடம்பைத் தேற்றவும் பொழுதைக் கழிக்கவும் போகிற ஊர் என்று நிலைத்தது. நீச்சல் குளமும் சுற்றுச்சுவரும் வாசலில் காவலாளியும் உள்ள ஒற்றை ஓட்டலுக்கு அந்தப் பெயர் போனது வெகுகாலம் கழித்து. இன்றைய விளம்பரத்தில் வரும் ரிசார்ட்டை ‘விடுதி’ என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நூறு வருஷத்துக்கு முந்தைய நாவலில் வருவதை அப்படி எழுதினால் வருவேன்.

ஏனென்றால் அந்த நாவல்களில் வருபவை முழு ஊர்கள். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர் ஊராக இருந்தது. 1750களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரில் குளியுங்கள், அதைக் குடிக்கவும் செய்யுங்கள் என்று எழுதினார். வசதியுள்ளவர்கள் குளிக்க வந்தார்கள். 1783இல் இளவரசர் வந்தார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர். இளவரசர் வந்த பிறகு நோய் இல்லாதவர்களும் வந்தார்கள். 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்தது, எல்லாரும் வந்தார்கள். வைத்தியத்தில் தொடங்கி வேடிக்கையில் முடிந்த ஊர்.

இந்த ஊர்களை எழுத்தாளர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே யாரும் யாரையும் பார்க்கலாம் என்பதுதான். சொந்த ஊரில் தெரு வேறு, வட்டம் வேறு, பழக்கம் வேறு. கடற்கரை ஊரில் எல்லாரும் ஒரே நடைபாதையில் மாலையில் நடக்கிறார்கள். 1899இல் வெளிவந்த ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கதை ஒன்று, யால்தா என்ற கடற்கரை ஊரில், ஒரு வதந்தியோடுதான் தொடங்குகிறது: கடலோர நடைபாதையில் புதிதாக ஒரு பெண் தென்படுகிறாள், கூடவே ஒரு சின்ன நாய். வதந்தி பரவ ஊர் வேண்டும். விடுதியில் பரவினால் அது வரவேற்பு மேசைப் பேச்சு, அவ்வளவுதான். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1817இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட ‘சாண்டிட்டன்’ நாவலில், ஒருவர் தன் கடலோரக் கிராமத்தை நாகரிகமான ரிசார்ட்டாக ஆக்கியே தீருவது என்று அலைகிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஊர்க் காற்றின் மருத்துவ குணத்தைப் பற்றிப் பேசுகிறார். அவர் விற்க நினைப்பது ஓர் ஊரை. அதை விடுதி என்று மொழிபெயர்த்தால் நகைச்சுவை மொத்தமும் போய், ஓட்டல் முதலாளியின் வியாபாரக் கதை மிஞ்சும்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்த சாட்சி, பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் கற்பனையில் கட்டிய பால்பெக் என்ற கடற்கரை ஊர். 1907 முதல் 1914 வரை அவர் கோடைதோறும் போய்த் தங்கிய காபூர் என்ற ஊரை வைத்து எழுதியது. அங்கே பெரிய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் இரவு மின்விளக்குகள் எரிகின்றன. வெளியே இருட்டில் அந்த ஊர்த் தொழிலாளிகளும் மீனவர்களும் சிறு குடும்பங்களும் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, உள்ளே பணக்காரர்கள் சாப்பிடுவதை மீன்தொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். இந்தக் கண்ணாடி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கதைசொல்லி யோசிக்கிறான். கண்ணாடிக்கு உள்ளே இருப்பது விடுதி, வெளியே இருப்பது ரிசார்ட். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கண்ணாடியே காணாமல் போய்விடும்.

சரி, விடுதி வேண்டாம். வேறு என்ன போடுவது? புழக்கத்தில் நாலு சொற்கள் சுற்றுகின்றன. நாலிலும் எனக்கு வழக்கு உண்டு.

‘சுற்றுலாத் தலம்’ என்பார்கள். சுற்றுலா போகிறவர் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். இந்த நாவல்களில் வருகிறவர்கள் பெட்டி பெட்டியாகத் துணியோடு வந்து ஒரு சீசன் முழுக்கத் தங்குகிறார்கள். (அந்தச் சீசனையும் ‘பருவம்’ என்று மாற்றி, நாயகி ‘பருவத்தில் நீஸுக்கு வந்தாள்’ என்று எழுதிய புண்ணியவான் உண்டு. அவள் வயதுக்கு வந்துவிட்டாளோ என்று ஒரு கணம் திகைத்தேன்.)

‘ஓய்விடம்’ என்பார்கள். கேட்க அடக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதைகளில் எவராவது ஓய்வெடுக்கிறாரா? காதலிக்கிறார்கள், சூதில் தோற்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், இன்னொருவர் மனைவியோடு படகில் போகிறார்கள். ஓய்விடம் என்றால் முதியோர் இல்ல வராந்தாதான் என் கண்முன் வருகிறது.

மூன்றாவது, ‘உல்லாச நகரம்’. சொல் நல்ல சொல்தான், நாளிதழ்கள்தான் கெடுத்துவிட்டன. குற்றச் செய்தியில் இருவர் ‘உல்லாசமாக இருந்தனர்’ என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லைப் பார்த்தாலே அடுத்த வரியில் போலீஸ் வரும் என்று வாசகர் எதிர்பார்க்கிறார். வடமொழிச் சொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. நாற்றம் பிடித்துவிட்டது என்பதால் ஒதுக்குகிறேன். ‘கவர்ச்சி’க்கும் இதே கதிதான். கிளாமர் என்ற ஆங்கிலச் சொல் கிராமர் என்பதன் ஸ்காட்லாந்துத் திரிபு. இலக்கணம் படித்தவன் மந்திரமும் தெரிந்தவன் என்று நம்பிய காலத்தில் அது கண்கட்டு வித்தையைக் குறித்தது. அதைக் ‘கவர்ச்சிகரமான கடற்கரை நகரம்’ என்று பெயர்த்தால் நீச்சலுடைச் சுவரொட்டிதான் நினைவுக்கு வரும். மினுக்கு, பகட்டு, மயக்கு என்று இடத்துக்கு ஏற்ற சொல் நம்மிடம் இருக்கிறது. எடுத்தாள மனம்தான் இல்லை.

நாலாவதுதான் என்னை அதிகம் சீண்டிய புதுச்சொல்: ‘கடல்வாழிடம்’. மலைவாசஸ்தலத்தை மலைவாழிடம் ஆக்கினோமே, அதே அச்சில் இதையும் வார்க்கலாம் என்று தனித்தமிழ் ஆர்வலரான நண்பர் ஒருவர் வாதிடுகிறார். அச்சு சரி, வார்ப்பு தப்பு. மலையில் மனிதன் வாழ்வான். கடலில் மீன்தான் வாழும். வாழிடம் என்ற சொல்லைச் சூழலியல்காரர்கள் உயிரினங்களின் உறைவிடத்துக்கு எடுத்துக்கொண்டு பல வருஷமாகிறது. ‘பிரபுக்கள் கோடையில் கடல்வாழிடத்துக்குச் சென்றனர்’ என்று எழுதினால் பவளப்பாறைக்குள் போய்விட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நண்பர் அசரவில்லை, ‘கடலோர வாழிடம்’ என்று ஓர் ‘ஓர’த்தைச் செருகினார். இப்போது நண்டு வாழும். வாழ்வதே இங்கே தவறு ஐயா, வாழப் போகிறவர் யாரும் அங்கே போவதில்லை, வாழ்க்கையிலிருந்து கொஞ்ச நாள் நழுவத்தான் போகிறார்கள் என்றேன். தூய்மை கெடுகிறது என்றார். தூய்மை எனக்கும் பிடிக்கும். புரிந்த பிறகு வருகிற தூய்மை பிடிக்கும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன என்று பார்த்தால் வழி தெரிகிறது. ஜெர்மனில் ‘சேபாட்’, அதாவது கடற்குளியல். பிரெஞ்சில் ‘ஸ்டாசியோன் பல்னேயேர்’. பல்னேயேர் என்றாலும் குளியல் பற்றியதுதான். ரஷ்ய மொழியின் ‘குரோர்த்’ ஜெர்மனிலிருந்து கடன் வாங்கியது, குணப்படுத்தும் இடம் என்று பொருள். ஆங்கிலத்திலும் முன்பு ‘பேதிங் பிளேஸ்’ என்ற வழக்கு உண்டு. ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டு நாவலான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ஸில் லிடியா என்ற இளம்பெண் பிரைட்டனைக் கற்பனை செய்யும்போது, அந்தக் குதூகலமான குளிக்கும் ஊரின் தெருக்கள் முழுக்க ராணுவ அதிகாரிகள் நிற்கிறார்கள். தெருக்கள், கவனியுங்கள்.

குளியலுக்குத் தமிழில் என்ன சொல்? நீராடல். கடலில் என்றால் கடலாடல். இதைப் புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை, சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே பெயர் கடலாடு காதை. இந்திர விழா முடிகிறது. கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி மூடுவண்டியிலும் ஏறிப் புகாரின் கடற்கரைக்குப் போகிறார்கள். அங்கே எரியும் விளக்குகளை இளங்கோ ஒவ்வொன்றாக எண்ணுகிறார்: சாந்தும் பூவும் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, மீன்பிடி படகின் விளக்கு, மரக்கலங்களை அழைக்கும் விளக்கு, வேற்றுமொழி நாட்டாரின் அணையாத விளக்கு. மாவுபோன்ற மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் தெரியும் அளவுக்கு வெளிச்சம். அப்புறம் யாழ், பாட்டு, பாட்டில் ஒரு சந்தேகம், அவன் எழுந்து போய்விடுகிறான். பணம், ஒப்பனை, வேற்று நாட்டார், உடைகிற உறவு. ஐரோப்பிய நாவலில் ரிசார்ட் என்று வருவதில் இங்கே எது குறைகிறது? (வேற்றுமொழி நாட்டுக்கு இளங்கோ சொல்லும் பெயர் ‘மொழிபெயர் தேஎம்’. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒரு வரிக்காகவாவது இந்தக் காதையைத் திறந்து பார்க்கலாம்.)

ஆகவே என் சொல்: கடலாடு பட்டினம். வினைத்தொகை, நடுவில் ‘ப்’ போடாதீர்கள். பட்டணம் எந்த நகரமாகவும் இருக்கலாம், பட்டினம் என்றால் கடல் கூடவே வந்துவிடும். ‘ஆடு’ என்ற வினை இங்கே செய்கிற வேலையையும் பாருங்கள். நீராடுவது மட்டுமா? விளையாடுவது, நடனமாடுவது, உறவாடுவது, கொண்டாடுவது, நாடகமாடுவது. 1863இல் மொனாக்கோவின் மான்டி கார்லோவில் சூதாட்ட விடுதி திறந்தார்களே, அந்தச் சூதாடுவதும் இதற்குள்தான். அங்கே போகிறவர் செய்வதெல்லாம் ஏதோ ஓர் ஆட்டம்.

பட்டினம் என்றால் துறைமுகம், சரக்கு, சுங்கம் அல்லவா என்று நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் பிரைட்டன் மீனவர் ஊராக இருந்தது, பிரான்ஸின் நீஸில் இன்றும் துறைமுகம் இருக்கிறது. மீன் வாடையின் மேல் பூசிய அத்தர்தான் இந்த ஊர்கள், பட்டினம் அந்த அடிவாடையைக் காட்டிக்கொடுத்தால் நல்லதுதான். நீளமாக இருக்கிறது என்றால், ஊர் முதலில் வரும்போது கடலாடு பட்டினம் என்று எழுதிவிட்டுப் பிறகு பட்டினம் என்றே நடத்துங்கள். நம் நாயகி பட்டினத்தில் ரயிலை விட்டு இறங்கட்டும், விடுதி தேடட்டும், மேயரும் தாராளமாக வரட்டும்.

ஒரே ஓர் இடத்தில் இந்தச் சொல் கைகொடுக்காது. ‘லாஸ்ட் ரிசார்ட்’ என்று கடற்கரை விடுதிக்குப் பெயர் வைக்கிற ஆங்கிலச் சிலேடையை இதை வைத்துப் பெயர்க்க முடியாது. அங்கே மட்டும் ‘போக்கிடம்’ என்று போடுவேன். போகும் இடம் என்றும் ஆகும், ‘வேறு போக்கிடம் இல்லை’ என்று அழுகிறபோது வருவதும் அதே சொல்தான்.