கூட்டணி, கூட்டணி ஆட்சி, கூட்டாட்சி: மூன்றும் ஒன்றல்ல

தேர்தல் நேரத்து விவாதங்களில் 'கூட்டணி ஆட்சி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கூட்டாட்சி' என்று சொல்லிவிடுகிறார்கள். கூட்டாட்சி என்றால் பெடரல் முறை, அதாவது ஒன்றியமும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது. கட்சிகள் சேர்ந்து அமைச்சரவை அமைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, கூட்டணிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கோயலிஷன்' என்பதற்கு வேர் எது? லத்தீனில் 'கோஅலெஸ்கெரே' என்றால் சேர்ந்து வளர்வது. அதற்கும் அடியில் உள்ள 'அலெரே' ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும். ஒட்டு மாங்கன்றின் தண்டைத் தடவிப் பார்த்தால் ஓரிடத்தில் புடைப்பாக இருக்கும் இல்லையா, நாட்டுக் கன்றின் மேல் வேறு ரகக் குச்சியைப் பொருத்தி பாலித்தீன் பட்டையால் இறுகக் கட்டிவைத்து, இரண்டும் பிடித்துக்கொண்ட இடம் அது. லத்தீன் சொல் அப்படி ஒன்றாகிப் போவதைச் சொல்கிறது.

தமிழில் கூட்டு + அணி. அணி என்றால் வரிசை, படைவகுப்பு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒன்றாகிவிடுவதில்லை. கொடியும் தனி, கொறடாவும் தனி. நடப்பதை உள்ளபடி சொல்வது தமிழ்ச் சொல்தான் என்பேன்.

ஆனால் கூட்டணி வேறு, கூட்டணி ஆட்சி வேறு. முதலாவது தொகுதிப் பங்கீட்டோடு நின்றுவிடலாம். இரண்டாவதற்கு அமைச்சரவையில் இடம் வேண்டும்.

1996ஐப் பாருங்கள். மக்களவையின் 543 இடங்களில் 272 வேண்டும், யாருக்கும் கிடைக்கவில்லை. 161 இடங்களோடு முதலில் வந்த பாஜகவைக் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா அழைத்தார். வாஜ்பாய்க்கு எண்ணிக்கை சேரவில்லை, 13 நாளில், வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். அப்புறம் மாநிலக் கட்சிகளும் இடதுசாரிகளும் சேர்ந்த ஐக்கிய முன்னணி தேவ கவுடாவைப் பிரதமராக்கியது, குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டது. திமுகவிலிருந்து முரசொலி மாறன், தமிழ் மாநில காங்கிரசிலிருந்து ப. சிதம்பரம் எல்லாம் அமைச்சர்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா உள்துறைக்குப் போனார்; மார்க்சிஸ்ட் கட்சியோ அமைச்சரவைக்கு வெளியே நின்றது. காங்கிரசும் வெளியில் இருந்துதான் ஆதரவு தந்தது, அது கையை எடுத்ததும் 1997 ஏப்ரலில் தேவ கவுடா அரசு கவிழ்ந்தது.

தமிழ்நாட்டில் 2006இல் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். 234 பேர் கொண்ட அவையில் திமுகவுக்குக் கிடைத்தது 96, தேவைப்பட்டதோ 118. காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் எல்லாரும் கூட்டணியில் இருந்தார்கள், ஆதரவும் கொடுத்தார்கள், ஆனால் அமைச்சர்கள் அத்தனை பேரும் திமுகவினர். ஆகவே வென்றது கூட்டணி, அமைந்தது கூட்டணி ஆட்சி அல்ல. அதற்குப் பெயர் சிறுபான்மை அரசு.

கோயலிஷன் அரசுக்குச் சரியான தமிழ் வேண்டுமென்றால் 'கூட்டு அமைச்சரவை' என்று எழுதலாம். யார் உள்ளே, யார் வெளியே என்பது அதில் குழம்பாது.