ஃபவுண்டேஷன் ஏன் சாம்பல் பூக்கிறது?

தங்கை கல்யாண ஆல்பத்தில் என் படம் ஒன்று உண்டு. மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிறேன். கழுத்து என் கழுத்துதான், மாநிறம். முகம் மட்டும் திருநீற்றைக் குழைத்துப் பூசினாற்போல இருக்கிறது. படத்தைப் பார்த்த சித்தி, "அன்னிக்கு உடம்பு சரியில்லையாடி உனக்கு?" என்று கேட்டார். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

அன்று பூசியது ஃபவுண்டேஷன், முக நிறத்தைச் சீராக்கும் ஒப்பனைப் பூச்சு. அதன் பாட்டிலைத் திருப்பினால், பொருட்பட்டியலின் கடைசியில் பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும்: 77891, 77491, 77492, 77499. முதலாவது டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை. மற்ற மூன்றும் இரும்பு ஆக்சைடுகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கிற காவிக்கும், செம்மண்ணுக்கும் நிறம் தருவது இந்தச் சிவப்பு ஆக்சைடுதான். ஒப்பனைக்கு அதை ஆலையில் சுத்தமாகச் செய்கிறார்கள். கடையில் வரிசை வரிசையாக நிற்கும் ஷேடுகளில் அனேகமாக எல்லாமே இந்த நான்கின் கலவை, அளவுதான் மாறும்.

வில்லங்கம் அந்த வெள்ளையில் இருக்கிறது. ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதற்கு ஒளிவிலகல் எண் என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீருக்கு 1.33, தோலுக்கு ஏறக்குறைய 1.4. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.5-க்கும் மேல். வித்தியாசம் கூடக்கூட ஒளி அதிகமாகச் சிதறும். அதனால்தான் துளி பூசினாலே கீழே உள்ளது மறைகிறது.

தண்ணீர் நிறையக் கலந்த பாலைக் கறுப்புச் சட்டியில் ஊற்றிப் பாருங்கள். லேசாக நீலம் பாயும். சின்னத் துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. மிச்சமுள்ள சிவப்பும் மஞ்சளும் அடிக்குப் போய்ச் சட்டியின் கறுப்பில் அடங்கிவிடுகின்றன. வெள்ளைக் கிண்ணத்தில் அவையும் திரும்பி வந்துவிடுவதால் நீலம் கண்ணில் படாது. மெலனின் என்கிற கருநிறமி நிறைந்த நம் தோல் அந்தக் கறுப்புச் சட்டி. பழுப்பு என்பதே இருண்ட ஆரஞ்சு. அதன் மேல் நீலப் படலம் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாம்பல்தான் மிஞ்சும். சன்ஸ்கிரீன் போட்டால் முகம் வெளிறுவதும் பெரும்பாலும் இதே கதை.

கருநிறத்துக்கான ஷேடு வேண்டுமென்றால் வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் கூட்ட வேண்டும். வெளிர் ஷேடு ஒன்றை எடுத்து அதில் கறுப்பை மட்டும் கொட்டினால் சிமெண்ட் நிறம்தான் வரும். இது கடினமான வேதியியல் இல்லை, அக்கறை சம்பந்தப்பட்டது. பாடகி ரிஹானாவின் ஒப்பனை நிறுவனமான ஃபென்டி பியூட்டி 2017-ல் 40 ஷேடுகளோடு வந்தபோது மற்ற கம்பெனிகளும் வரிசையை நீட்டத் தொடங்கியதே அதற்குச் சாட்சி.

ஷேடு சரியாக இருந்தும் முகம் ஒட்டாமல் தெரிந்தால் அண்டர்டோன் பிசகியிருக்கும். தோல் எவ்வளவு கருமை என்பது ஷேடு. அந்தக் கருமை மஞ்சள் பக்கம் சாய்கிறதா, சிவப்புப் பக்கமா, பச்சை கலந்த ஆலிவா என்பது அண்டர்டோன். மெலனினோடு ரத்தத்தின் ஹீமோகுளோபினும், தோலில் படியும் கரோட்டின் என்கிற மஞ்சள் நிறமியும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. கல்யாணத் தரகர் "பொண்ணு நல்ல சிவப்பு" என்பது ஷேடைப் பற்றி. அந்தப் பெண்ணின் அண்டர்டோன் மஞ்சளாகவே இருக்கலாம். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் கையில் நரம்பே சரியாகத் தெரியாது. தாடையோரம் கோடு இழுத்து, கடை விளக்கை விட்டு வெயில் வெளிச்சத்துக்கு வந்து பார்ப்பதே மேல்.

கொஞ்ச நேரம் பொறுத்தும் பார்க்க வேண்டும். போட்ட அரை மணியில் நிறம் இருண்டால் "ஆக்ஸிடைஸ் ஆகிடுச்சு" என்பார்கள். சிவப்பும் மஞ்சளும் ஏற்கெனவே முழுக்க ஆக்சிஜன் ஏறிய இரும்பு. இனி ஏற இடமில்லை. வறண்டு வெளிறிய முழங்காலில் தேங்காய் எண்ணெய் தடவினால் கருக்குமே, அதுபோல முகத்தில் சுரக்கும் எண்ணெய் துகள்களுக்கு நடுவே புகுந்து சிதறலைக் குறைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எண்ணெயை உறிஞ்சும் பவுடர் அதைத் தள்ளிப்போடும். ஆனால் சிலிக்காவும் டைட்டானியமும் மிகுந்த பவுடர், ஃபிளாஷ் ஒளியை நேராகக் கேமராவுக்கே திருப்பி அனுப்பிவிடும். மண்டப வாசலில் என்னைக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

கண்ணுக்குக் கீழே கருவளையத்தின் மேல் நேராக வெளிர் கன்சீலரை, அதாவது கறையை மறைக்கும் கெட்டிப் பூச்சை, அப்பினாலும் சாம்பல்தான். முதலில் நிறத்தைச் சரிக்கட்டும் ஆரஞ்சு கரெக்டரை மெல்லிசாகத் தட்டி, நீலத்தை அடக்கிவிட்டு அதன் மேல் கன்சீலர் போட வேண்டும்.

இரும்பு ஆக்சைடுக்கு இன்னொரு குணமும் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும், முக்கியமாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலைக் கருக்கச் செய்யும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் இரும்பு ஆக்சைடால் நிறமேற்றிய டின்டட் சன்ஸ்கிரீன் எழுதித் தருவது அதனால்தான்.

சித்திக்குக் கன்னத்தில் மங்கு. 77491 இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கையில் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, செம்மண்ணைக் கரைச்ச மாதிரி இருக்கு?" என்றார்.

"கிட்டத்தட்ட அதேதான் சித்தி," என்றேன்.