பையனின் மார்பு வீக்கம்: எப்போது காத்திருப்பது, எப்போது மருந்து, எப்போது அறுவை?

பதின்மூன்று வயதுப் பையன் திடீரென்று யார் முன்னாலும் சட்டையைக் கழற்ற மறுக்கிறான். கிணற்றில் குளிக்கக் கூப்பிட்டால் தலைவலி என்கிறான். கொளுத்தும் வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன். திருச்செந்தூருக்குப் போகலாம் என்றால், அங்கே மேல்சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று இரவெல்லாம் தூக்கமில்லை. காம்புக்கு அடியில் தொட்டால் வலிக்கிற ஒரு கட்டி. உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்வதில்லை. பருவமடையும் பையன்களில் பாதிப் பேருக்கு இது வந்து போகிறது என்பதை யாராவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆண் குழந்தையும் மார்புச் சுரப்பியின் சிறு மொட்டோடுதான் பிறக்கிறது. தாயின் ஹார்மோன்கள் பட்டு, பிறந்த சில நாட்களில் அது கொஞ்சம் வீங்குவதும் உண்டு. (பால் கட்டியிருக்கிறது என்று அதைப் பிழிந்துவிடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், சீழ் பிடித்துவிடும்.) பருவ வயதில் அந்த மொட்டு மறுபடி விழிக்கிறது. அதை வளர்ப்பது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், அடக்கிவைப்பது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே அதைத் தயாரிக்கிறது. கொழுப்புத் திசுவில் இந்த வேலை அதிகம் நடக்கும். பருவத் தொடக்கத்தில் ஈஸ்ட்ரோஜனின் கை சிறிது காலம் ஓங்கியிருக்கிறது, மொட்டு வளர்கிறது. டெஸ்டோஸ்டிரோன் முழு அளவுக்கு வந்ததும், பெரும்பாலான பையன்களுக்கு 6 மாதத்திலிருந்து 2 ஆண்டுக்குள், தானாகவே வற்றிவிடுகிறது. இதற்குப் பெயர் கைனகோமேஸ்டியா.

குண்டான பையன்களுக்கு வெறும் கொழுப்பு சேர்ந்தும் மார்பு பெரிதாகத் தெரியலாம். மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு விரல்களால் பக்கங்களிலிருந்து காம்பை நோக்கிச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சுரப்பி என்றால் காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி தட்டுப்படும். கொழுப்பு என்றால் விரல்களுக்கு நடுவில் ஒன்றும் தடுக்காது. அதற்கு மருந்து கிடையாது. எடை குறைந்தால் குறையும்.

டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டிய நேரங்கள் உண்டு. பருவத்தின் வேறு அடையாளம் எதுவும் வருவதற்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், வேகமாகப் பெருத்தாலும், கட்டி கல் மாதிரி இருந்தாலும், காம்பிலிருந்து நீர் கசிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. டாக்டர் விரைகளையும் பார்ப்பார், பையன் கூச்சப்பட்டாலும் அதை விடக் கூடாது. விரையில் கட்டி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். விரை மிகச் சிறியதாக இருந்தால், ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் க்ளைன்ஃபெல்ட்டர் நிலையா என்று சோதிப்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறான், ஜிம்மில் யாராவது ஊசி போட்டார்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசியும், மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன், உடம்பில் சேரும் நீரை இறக்கத் தரும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் இதைக் கொண்டுவரலாம்.

இதெல்லாம் இல்லை என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக் காத்திருப்பதுதான் முதல் சிகிச்சை. ஆனால் எவ்வளவு காலம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் சில மாதங்களில் சுரப்பித் திசு பெருகிக்கொண்டிருக்கும். ஹார்மோனைத் தடுத்தால் அதற்கு உறைக்கும். ஒரு வருடம் தாண்டினால் அந்த இடத்தில் நார்த்திசு படிந்துவிடும். நாருக்கு ஹார்மோனும் தெரியாது, மருந்தும் தெரியாது. அதனால் வலியோ மனவேதனையோ அதிகமாக இருந்தால், மருந்துக்கான காலம் அந்த முதல் வருடம்தான். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் திசுவில் வேலை செய்யாமல் தடுக்கிறது. வலியும் அளவும் குறையும், முழுசாக மறைவது அரிது. இந்தக் குறைக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து அல்ல, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூடாது. அரோமட்டேஸைத் தடுக்கும் அனஸ்ட்ரோசோல் கேட்க இன்னும் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பையன்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

நார் படிந்து நின்றுவிட்டால் அறுவை சிகிச்சைதான். கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். சுரப்பியைக் காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்விளிம்பில் கீறி எடுப்பார்கள். தழும்பு அந்தக் கருவட்ட ஓரத்தில் மறைந்துவிடும். பருவ வளர்ச்சி முடியும்வரை பொறுக்கச் சொல்வது, முன்னாலேயே எடுத்தால் மிச்சமிருக்கும் திசு திரும்பவும் வளரக்கூடும் என்பதால்தான். முழுவதையும் வழித்தும் எடுக்க மாட்டார்கள். காம்புக்கு அடியில் மெல்லிய வில்லையாகக் கொஞ்சம் சுரப்பியை விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் காம்பு உள்வாங்கிக் குழி விழுந்துவிடும். அப்புறம் சில வாரங்களுக்கு இறுக்கமான பனியன் போட்டிருக்க வேண்டும்.