ஏசியில் கேஸ் தீராது, கசியும்

“வருஷத்துக்கு ஒரு தடவை ஏசிக்கு கேஸ் போடணும்” என்பது பல வீடுகளில் வேதவாக்காகிவிட்டது. வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுபோல இதையும் நினைத்துக்கொள்கிறார்கள். ஏசிக்குள் ஓடும் வாயு எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். முதலில் அடைத்த அளவே அந்த ஏசியின் ஆயுள் முழுக்கப் போதும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் புதிதாக நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியில் காற்றுக்குப் போகும்.

போனால் என்ன? பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 என்ற வாயு ஓசோன் படலத்தை அரித்தது. 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தம் அத்தகைய வாயுக்களுக்குப் படிப்படியாக முடிவு கட்டியது. பின்னால் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதன் ஒரு கிலோ சுமார் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இன்னொரு ஏசி வாயுவான ஆர்-32க்கு இந்த எண் 675. இவற்றைக் குறைக்கத்தான் 2016இல் அதே ஒப்பந்தத்துக்குக் கிகாலித் திருத்தம் வந்தது.

ஒன்றரை டன் ஏசி ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோ ஆர்-410ஏ இருக்கும். அது முழுவதும் கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவை வெளியே விட்ட கணக்கு. நிலக்கரியில் எடுக்கும் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயுவை உமிழ்கிறது. அப்படியானால் ஒரு கசிவு 2,000 யூனிட்டுக்குச் சமம். மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஏசியைத் தினம் 8 மணி நேரம் வீதம் 250 நாள் ஓட்டினால்தான் அவ்வளவு ஆகும். ரிமோட்டில் 18ஐ 26 ஆக்கி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு தளர்ந்த நட்டில் போய்விடுகிறது. (26 வைப்பது நல்லதுதான், விட்டுவிட வேண்டாம். 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதுதான் பொய். சாதாரண ஏசி எதில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், 18 வைத்தால் நிற்காமல் ஓடும்.)

குளிர் குறைந்தவுடன் கேஸைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் காரணம் அழுக்கு. இன்டோர் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தினமும் ஓடும் ஏசி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது தேவை. அவுட்டோர் தகடுகளில் தூசு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

பனி கட்டுவதிலும் ஒரு அடையாளம் உண்டு. ஃபில்டர் அடைத்திருந்தால் இன்டோருக்குள் குளிரும் குழாய்ச் சுருளான காயில் முழுக்கப் பனி பரவும். கேஸ் குறைந்திருந்தால் அவுட்டோரில் மெல்லிய குழாய் சேரும் வால்விலும் காயிலின் தொடக்கப் பகுதியிலும் மட்டும் வெள்ளையாகப் படியும், மீதிக் காயில் காய்ந்து கிடக்கும். அளவு குறைந்தால் அழுத்தம் விழும், அழுத்தம் விழுந்தால் வாயு கொதிக்கும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பனிக்குக் காரணம் அதுதான். மெக்கானிக் வருவதற்குள் இந்த இரண்டில் எது என்று பார்த்துவைத்துக்கொண்டால் பேச்சு சுருங்கும்.

கசிவு என்றால் பத்தில் பல தடவை அது ஃபிளேர் இணைப்பில்தான் இருக்கும். செம்புக் குழாயின் முனையைப் புனல்போல விரித்து நட்டால் இறுக்கும் இடம் அது. வெட்டிய விளிம்பில் பிசிறை எடுக்காமல் விரித்தால் முகம் சரியாகப் பொருந்தாது. கைக்கு வந்தபடி இறுக்கினாலும் கெடும். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் முறுக்குதான் தேவை. அதற்கு மேல் போனால் விரித்த முனை நசுங்கி மெலியும், சில மாதங்களில் விரிசல் விடும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் வரும் ஆளிடம் இதை எதிர்பார்க்க முடியாது. வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் தூசு ஒட்டிய பிசுக்கு தெரியும். டார்ச் அடித்து நீங்களே பார்த்துவிடலாம். சோப்பு நுரை தடவிப் பார்ப்பதானால் ஏசியை நிறுத்திவிட்டுத் தடவுங்கள். ஓடும்போது அந்தக் குழாய்களில் அழுத்தம் குறைவு, குமிழி வராமல் ஏமாற்றும்.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் கேஸ் போகிறது என்றால் இன்டோர் காயிலைப் பாருங்கள். சுத்தம் செய்யும் திரவங்கள், மரப்பலகைப் பசை போன்றவற்றிலிருந்து வரும் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து செம்பை உள்ளுக்குள் குடைகிறது. வெட்டிப் பார்த்தால் எறும்புப் புற்றுபோல வளைவளைவாகத் துளை போயிருக்கும். மேலே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதை ஒட்டுப்போடுவதில் பயனில்லை, காயிலையே மாற்ற வேண்டும்.

ஓட்டையை அடைத்த பிறகு நைட்ரஜனை ஏற்றி, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதே முறை. ஆக்சிஜன் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அடுத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப். உள்ளே மிஞ்சும் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். “கொஞ்சம் கேஸ் விட்டுக் காத்தை வெளியே தள்ளிடுவோம்” என்பவரை அங்கேயே நிறுத்துங்கள். காற்றோடு தங்கும் ஈரம் எண்ணெயில் அமிலமாகி, கம்ப்ரசரின் ஆயுளைத் தின்றுவிடும். தள்ளிய கேஸ் எங்கே போனது என்பது வேறு.

நிரப்பும் அளவு அவுட்டோரில் ஒட்டிய தகட்டில் கிராம் கணக்கில் இருக்கும். தராசில் சிலிண்டரை வைத்து அந்த எடைக்கு ஏற்றுவதுதான் சரி. அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றினால், வெளியே வெயில் ஏறினாலும் காயில் அழுக்கானாலும் முள் மாறும், அளவு தப்பும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாத நிலையில், இருப்பதைத் தனிச் சிலிண்டரில் உறிஞ்சி எடுத்துவிட்டு முழு எடையைப் புதிதாகப் போடுவதே நல்லது.

வீடு மாறும்போது நடப்பது இன்னும் மோசம். அவசரத்தில் நட்டைத் தளர்த்தி, புஸ்ஸென்று எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிடுகிறார்கள். கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கும் ‘பம்ப் டவுன்’ செய்யச் சொல்லுங்கள். ஏசி குளிர்நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்லிய குழாயின் வால்வை அலன் கீயால் மூட வேண்டும். கேஜ் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் அடங்கிவிடும். ஏற்கெனவே கசியும் ஏசியில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் வெடித்துவிடும் ஆபத்து உண்டு.

புதிதாக வாங்குவதானால் நட்சத்திரக் குறியை மட்டும் பார்க்காமல் வாயுவின் பெயரையும் படியுங்கள். ஆர்-290 என்பது புரோப்பேன்தான், வெப்பம் பிடிக்கும் எண் வெறும் 3 அளவில் நிற்கிறது. இன்றைய பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏவும் அப்படியே. இரண்டும் தீப்பிடிக்கும் என்பதால் அதற்கென்றே வடிவமைத்த கருவியில் மட்டும்தான் இருக்க வேண்டும். பழைய ஏசியில் விலை குறைவென்று ஆர்-290ஐ ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழையதைக் காயலான் கடைக்குப் போடுமுன் உள்ளே இருக்கும் வாயுவை எடுத்துவிட ஆளைக் கூப்பிடுங்கள். அங்கே செம்புக்காகக் குழாயை வெட்டினால் ஒரு நொடியில் எல்லாம் போய்விடும்.

வேலை முடிந்ததும் ரசீதில் மூன்றை எழுதி வாங்குங்கள்: எந்த வாயு, எத்தனை கிராம், கசிவு எந்த இடத்தில் இருந்தது. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அவர் கசிவைத் தேடவே இல்லை.