எல்லாம் தெரிந்த குழந்தை எல்கேஜிக்குப் போகும்போது

ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் ஒரு தனி வகையினர் உண்டு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது என்று வருபவர்கள் அல்ல. "நாலு வயசு இன்னும் முடியலைங்க மேடம். பஸ் போர்டெல்லாம் படிக்கிறான், தமிழ்லயும் மலையாளத்துலயும். கூட்டல் மனசுக்குள்ளயே போடறான். இவன் எல்கேஜில போயி என்னத்தைங்க பண்ணுவான்?" என்று கேட்பார்கள். குரலில் பெருமை இருக்கும், அதைவிடக் கூடுதலாகப் பயம் இருக்கும். பக்கத்து வீட்டில் சொன்னால் பீத்திக்கொள்கிறார்கள் என்பார்கள். பள்ளியில் சொன்னால் எல்லா அம்மாக்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைப்பார்கள். வெளியே சொல்ல இடமில்லாத கவலை இது.

ஒரு குழந்தை உளவியலாளராக நான் இவர்களுக்குச் சொல்வது இதுதான். முதல் சில மாதங்களில் பள்ளி எவ்வளவு கற்றுத்தருகிறது என்ற கணக்கை ஒதுக்கி வையுங்கள். தனக்குத் தெரிந்ததைக் குழந்தை மறைக்கத் தொடங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம்.

நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100. 130க்கு மேல் வருபவர்கள் நூற்றுக்கு 2 பேர் அளவில் இருப்பார்கள். மீத்திறன், அதாவது வயதுக்கு மிஞ்சிய அறிவுத்திறன், என்பதற்குப் பலரும் இந்த எல்லையைத்தான் வைக்கிறார்கள். ஆனால் நாலு வயதுக் குழந்தைக்கு எடுத்த எண் எட்டு வயதிலும் அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது. அன்றைய தூக்கம், பசி, சோதனை செய்பவரின் முகம் எல்லாமே அந்த எண்ணை அசைக்கும். அதனால் சேர்க்கைக்கு முன்னால் ஐக்யூ டெஸ்ட் எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

எண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தக் குழந்தைகள் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. படிப்பதில் ஏழு வயது, பென்சில் பிடிப்பதில் நாலு வயது, அழுகையில் மூன்று வயது என்று ஒரே உடம்பில் மூன்று வயதுகள் இருக்கும். 1991இல் அமெரிக்காவில் கொலம்பஸ் குழு என்ற பெயரில் கூடிய சிலர், இந்த ஏற்றத்தாழ்வே மீத்திறனின் அடையாளம் என்று வரையறுத்தார்கள். அவர்களுக்கு வெகு முன்பே, 1920களிலும் 30களிலும் நியூயார்க் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்த உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த், அவர்களுக்கு மிகக் கடினமான காலம் 4 வயதிலிருந்து 9 வயது வரை என்று எழுதினார். அறிவு முன்னே ஓடிவிடும், அதைத் தாங்கும் மனசு இன்னும் சின்னதாக இருக்கும். செத்துப்போனால் எங்கே போவோம் என்று ராத்திரி முழுக்கக் கேட்கும் குழந்தையே காலையில் டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லை என்று தரையில் புரண்டு அழும். இரண்டும் நடிப்பு இல்லை.

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. நாலு வயதில் அவற்றில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாக இறுகியிருக்கும், மற்றவை இன்னும் குருத்தெலும்பு. தமிழ்க் கதைப் புத்தகத்தைச் சரளமாகப் படிக்கும் குழந்தை நாலு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் எழுதத் திணறினால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "இவ்வளவு தெரியுது, எழுத மட்டும் வலிக்குதா?" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். உண்மையிலேயே வலிக்கும். மாவு பிசையட்டும், பூ கட்டட்டும், மண்ணைத் தோண்டட்டும். எழுத்து தானாக வரும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் மலையாளமும், பள்ளியில் இங்கிலீஷ், டீச்சர் அதட்டுவது மலையாளத்தில் என்று பல குழந்தைகளின் நாள் ஓடுகிறது. புதிய மொழிக்குள் போகும் குழந்தை சில வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இது இயல்பானது. ஆனால் வகுப்பில் அதைப் பார்ப்பவர்களுக்கு மந்தமான பிள்ளையாகத் தெரியும். வீட்டில் அப்பிச்சியிடம் (அம்மாவின் அப்பாவிடம்) நிலா ஏன் தேய்கிறது என்று வாதாடும் குழந்தை, பள்ளியில் 'ஒன்றும் பேசாதவள்' என்று பெயர் எடுக்கும். தமிழ்வழி எல்கேஜி கிடைத்தால் அதையும் தாராளமாக யோசியுங்கள். கிடைக்காவிட்டால், வீட்டில் என்ன மொழி, அதில் குழந்தை எப்படிப் பேசும் என்று டீச்சருக்குத் தெரியப்படுத்துங்கள். பிறகு எப்போதாவது சோதனை எடுத்தாலும் தமிழில் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வயசுக் கணக்கு. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31க்குள் 5 வயது நிறைய வேண்டும். கேரளத்திலும் 5 என்பதுதான் நெடுநாள் வழக்கம். 2026-27 கல்வியாண்டிலிருந்து அதை 6 ஆக்கப்போவதாக அங்குள்ள கல்வி அமைச்சர் 2025இல் அறிவித்தார். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை 6 என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதலே 6 கேட்கின்றன. எல்லையில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. "அங்க போனா ஒரு வருசம் மிச்சம் ஆகுமுங்களே" என்று கேட்கிறார்கள். மிச்சமாகும் அந்த ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு இதுவரை யாரும் எனக்குத் தெளிவான பதில் சொன்னதில்லை. வகுப்பைத் தாண்டிச் சேர்ப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. பொருத்தமான குழந்தைகளுக்கு அது நன்மையே செய்கிறது என்றுதான் ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. ஆனால் அந்த முடிவை ஜூன் மாதத்தில் எடுக்காதீர்கள். ஓணம் லீவு வரைக்குமாவது பொறுங்கள். குழந்தை தானாகப் பாத்ரூம் போகிறதா, பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடப் பிடிக்கிறதா, பிரிந்திருக்கும் நேரத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு டீச்சரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையைப் பற்றிப் பேசும்போது யாராவது ஒருவர் கணித மேதை ராமானுஜனை இழுப்பார். உண்மைதான். 1887இல் ஈரோட்டில் பிறந்த அவர், சின்ன வயதில் சென்னையில் அம்மா வழித் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தபோது, பள்ளிக்குப் போக மறுத்தார். அவரைப் போகவைக்க ஒரு கான்ஸ்டபிளின் உதவியை நாட வேண்டியிருந்தது. சில மாதங்களில் கும்பகோணத்துக்கே திரும்பினார். 1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்திலேயே நல்ல மதிப்பெண் எடுத்தார். மேதைக்குப் பள்ளி பிடிக்காது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். எனக்கோ அம்மாவும் பழகிய ஊரும் பக்கத்தில் இல்லாத ஒரு சின்னப் பையன்தான் அதில் தெரிகிறான். உங்கள் குழந்தை அழுதால், பாடம் போரடிக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அம்மா வேண்டும், சத்தம் அதிகம், பாத்ரூம் வாசனை பிடிக்கவில்லை என்பவைதான் காரணமாக இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் வெடித்து அழுவதும் சகஜம். பகல் முழுக்க அடக்கி வைத்தது அது. அந்த நேரத்தில் இந்தி டியூஷன், அபாகஸ் எதுவும் வேண்டாம். சாப்பாடு, மடி, தூக்கம் போதும். இந்த வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும்.

இப்போது மறைப்பதற்கு வருகிறேன். வண்ணாமடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை அழைத்துவந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மே மாதம் வரை அப்பிச்சிக்குப் பேப்பர் படித்துக் காட்டியவள். ஜூலைக் கடைசியில் புத்தகத்தைக் கொடுத்தால் "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். பள்ளி குழந்தையைக் கெடுத்துவிட்டது என்று அம்மா கொதித்துப் போயிருந்தார். களிமண்ணை வைத்து விளையாடிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். அவள் சொன்னது: "தெரியும்னு கை தூக்குனா, நீ கையக் கீழ போடு, மத்தவங்க சொல்லட்டும்னு மிஸ் சொல்றாங்க. தெரியாதுன்னா பக்கத்துல வந்து உக்காந்துக்கறாங்க."

முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மிஸ் வேறு எப்படிச் சொல்வார்? அவர்மேல் குற்றமில்லை. ஆனால் நாலு வயதுக் கணக்குப்படி பார்த்தால் குழந்தை போட்ட கணக்கும் சரிதான். தெரிந்தால் தள்ளி வைப்பார்கள், தெரியாவிட்டால் பக்கத்தில் வருவார்கள். இந்தக் கணக்கை ஒரு குழந்தை முதல் மூன்று மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிடும், முக்கியமாகப் பெண் குழந்தைகள். ஆண் பிள்ளைகள் பலர் வகுப்பைக் கலைத்துத் தங்கள் சலிப்பைக் காட்டிவிடுகிறார்கள், திட்டு வாங்கினாலும் கவனத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஒத்துப்போய்விடுகிறார்கள். 'நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை' என்று பெயர் வாங்குகிறார்கள். எனக்கு இந்தப் பெயரைக் கேட்டால்தான் கவலை வருகிறது.

மறைப்பதன் அடையாளங்கள் பெரிதாக இருக்காது. வீட்டில் வரையும் படத்தில் மனிதனுக்கு விரல், சட்டைப் பித்தான், நிழல்கூட இருக்கும். பள்ளியிலிருந்து வரும் படத்தில் வட்டமும் நாலு குச்சியும் இருக்கும். கேள்விகள் குறையும். வாய்விட்டுப் படிப்பது நிற்கும். பேச்சுக்கூடப் பக்கத்துக் குழந்தையின் மழலைக்கு இறங்கும். நண்பர்களோடு விளையாடும்போது மட்டும் இப்படி என்றால் பயமில்லை, அது சாமர்த்தியம். வீட்டிலும் தொடர்ந்தால் டீச்சரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சரி, டீச்சரிடம் என்ன சொல்வது? "என் பொண்ணு ரொம்ப பிரில்லியண்ட்" என்று தொடங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அரைப் பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். குழந்தைக்கு முடிவது ஒன்று, முடியாதது ஒன்று என்று ஜோடியாக எழுதுங்கள். செய்தித்தாள் படிப்பாள், செருப்பை மாற்றிப் போடுவாள். நூறுக்கு மேல் எண்ணுவான், மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவான். இப்படி எழுதினால் முழுக் குழந்தையும் டீச்சர் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் சின்ன உதவி ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்த வண்ணாமடைக் குழந்தைக்கு டீச்சர் செய்தது இவ்வளவுதான்: "உனக்குத் தெரிஞ்சதை இன்டர்வெல்ல என் காதுல வந்து சொல்லு" என்றார். வேலையை முடித்த பிறகு எடுத்துப் பார்க்க ஒரு கதைப் புத்தகத்தை அலமாரியில் வைத்தார். தினமும் மற்ற குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை மட்டும் அவள் தலையில் கட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். அதில் பெருமை கொஞ்சம், தனிமை அதிகம். சில வாரங்களில் மறுபடியும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

வீட்டிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. விருந்தாளி வந்தால் குறள் சொல், தலைநகரம் சொல் என்று நிறுத்தி வைக்காதீர்கள். அது பாசத்தில் செய்வதுதான், தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொன்னால்தான் கைதட்டல் என்று வீடும், தெரிந்ததைச் சொன்னால் கையைக் கீழே போடு என்று பள்ளியும் சொன்னால் குழந்தை எங்கே நிற்கும்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டு மூன்று வயதிலேயே எழுத்துகளைப் படிக்கும் எல்லாக் குழந்தையும் மீத்திறன் குழந்தை இல்லை. போர்டில் இருப்பதை அப்படியே படிக்கும், ஆனால் அந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. கூப்பிட்டால் திரும்பாது, பாவனை விளையாட்டு இருக்காது, கை நீட்டிக் காட்டாது. இப்படி இருந்தால் அது ஹைப்பர்லெக்சியாவாக, அதாவது பொருள் புரியாமலே சீக்கிரம் படிக்கும் நிலையாக, இருக்கலாம். அதன் கூடவே ஆட்டிசமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். பள்ளியோ அங்கன்வாடியோ எழுதிக் கொடுத்தாலும் போகலாம்.

என்னைப் போன்ற ஒருவரிடம் வருவதாக இருந்தால், குழந்தை வீட்டில் வரைந்த படமும் பள்ளியில் வரைந்த படமும் இரண்டு மூன்று கொண்டுவாருங்கள். அட்டைகளைக் காட்டிப் பெயர் சொல்லவைக்கும் வீடியோ வேண்டாம். மற்ற குழந்தைகளோடு மண்ணில் விளையாடும்போது அவனுக்குத் தெரியாமல் எடுத்த ஐந்து நிமிட வீடியோ இருந்தால் போதும்.